சத்தம் எதன் பின்னால் போகிறது?

சர்வீஸ் விட்டு எடுத்துவந்த அன்றைக்கே மாமாவுக்கு நிம்மதி போயிற்று.

புள்ளலூரில் மாமாவிடம் ஒரு டீசல் பிக்கப் இருக்கிறது. அறுவடை நாட்களில் நெல் மூட்டை, மற்ற நாட்களில் காய்கறி, கிடைத்தால் கல்யாண வீட்டுப் பாத்திரம். காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தார். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல் ஃபில்டர் மாற்றி, டயர்களை இடம் மாற்றிப் போட்டு, பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள். ஏரிக்கரை திரும்பி நேர்ச் சாலையில் ஐம்பதைத் தொட்டதும் வண்டிக்கு அடியிலிருந்து ‘ஊ...’ என்று ஒரு ஊளை. இன்னொன்றும் இருந்தது. ஆக்ஸிலரேட்டரில் கால் அசையாமல் இருக்கும்போதே வண்டி முன்னால் உந்தும், தளரும், மறுபடி உந்தும். “ஊஞ்சல்ல உக்காந்து ஓட்டுற மாதிரி இருக்குடா” என்றார் என்னிடம்.

திரும்பக் கொண்டுபோனபோது சர்வீஸ் சென்டரில் பத்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும். பில்லில் ‘கியர் ஆயில்’ என்று இருந்ததால் மாமாவும் அதையேதான் நினைத்திருந்தார். கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார் என்பது நல்ல விதி. ஆனால் இங்கே கை வைத்த இடம் ஒன்றல்ல, நான்கைந்து. அதில் பெரியதாகத் தெரிவதைக் குற்றவாளி ஆக்குவது மனித சுபாவம்.

ஊர் மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. “அண்ணே, சத்தம் எப்ப வருதுன்னு நான் கேக்கல. எது கூட வருதுன்னு கேக்குறேன்” என்றார். இந்த ஒரு கேள்விக்குள் வண்டி இயந்திரவியலின் பாதி அடங்கியிருக்கிறது.

ஓடும் வண்டியில் எல்லாம் சுழல்கிறது. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. இன்ஜினும் கிளட்சும் ஒரு வேகம். கியர் பாக்ஸுக்குள் நாம் போடும் கியரைப் பொறுத்து ஒரு வேகம். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரு வேகம். சக்கரம் இன்னொரு வேகம். எந்தப் பாகம் சத்தம் போடுகிறதோ, அதன் சத்தம் அந்தப் பாகத்தின் வேகத்தைத்தான் பின்தொடரும். ஆகவே ஊளையின் சுருதி ஏறி இறங்குவது இன்ஜின் முள்ளோடு சேர்ந்தா, வேக முள்ளோடு சேர்ந்தா என்று கவனித்தாலே பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுவித்துவிடலாம்.

எளிமைக்காக முழு எண்களாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 55 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 15 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சக்கரம் நொடிக்கு 7.6 தடவை சுற்றுகிறது. பின் அச்சில் இருக்கும் கிரௌன்–பினியன் பல்சக்கர ஜோடியின் விகிதம் 5 என்று வைத்துக்கொண்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 38 சுற்று. பினியனில் 9 பல் என்றால் நொடிக்கு சுமார் 340 பல் உரசல். பல்சக்கரம் ‘பாடுவது’ இப்படித்தான்: ஒவ்வொரு பல்லும் அடுத்ததைத் தொடும்போது ஒரு சின்னத் தட்டல், நொடிக்கு 340 தட்டல் சேர்ந்தால் காதுக்கு அது தட்டலாகக் கேட்காது, ஒரு ஸ்வரமாகக் கேட்கும். நொடிக்கு 20க்குக் கீழே இருந்தால் ஸ்வரம் இல்லை, வெறும் துடிப்பு. சக்கரம் ஒன்றில் கோளாறு என்றால் ‘தொம் தொம்’ என்று எண்ணக்கூடியதாக வருவது இதனால்தான்.

முதல் சோதனையை வண்டியை நிறுத்தி வைத்தே செய்தார் மெக்கானிக். நியூட்ரலில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்து, இன்ஜினை மெல்ல ரேஸ் செய்யச் சொன்னார். இப்போது சக்கரம் நிற்கிறது, ஆனால் கியர் பாக்ஸின் உள்வாங்கும் தண்டும் அதோடு எப்போதும் பல் கோத்திருக்கும் துணைத் தண்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் ‘கொர கொர’ என்று அரைத்து, கிளட்சை மிதித்ததும் நின்றுவிட்டால் உள்தண்டின் பேரிங் மீது சந்தேகம். தலைகீழாக, மிதித்தால்தான் கத்துகிறது, விட்டால் அமைதி என்றால் ரிலீஸ் பேரிங். அது மிதிக்கும்போது மட்டும்தானே சுமை தாங்குகிறது. மாமா வண்டி இரண்டிலும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் சாலைக்குப் போனோம். மெக்கானிக் பக்கத்தில், நான் பின்னால் தட்டில், கையில் செல்போன். 55இல் நான்காவது கியரில் ஊளை. அதே வேகத்தில் ஐந்தாவது கியருக்கு மாற்றியபோது இன்ஜின் முள் 2,300இலிருந்து 1,850க்கு இறங்கியது. ஊளையின் சுருதி இம்மிகூட இறங்கவில்லை. ஆக, அது இன்ஜின் பின்னால் போகவில்லை. சாலை வேகத்தின் பின்னால் போகிறது.

நான்காவது கியரைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு காரணம் உண்டு. பின்சக்கரம் இழுக்கும் பல வண்டிகளில் நான்காவது கியர் நேர் கியர். உள்தண்டையும் வெளித்தண்டையும் நேரடியாகப் பூட்டிவிடுவார்கள். இன்ஜினின் வலு துணைத் தண்டுப் பற்கள் வழியாகப் போவதே இல்லை. அவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், சுமை இல்லாமல். மற்ற கியர்களில் ஊளையிட்டு, நான்காவதில் மட்டும் அடங்கினால் துணைத் தண்டும் அதன் பேரிங்குகளும் குற்றவாளி. ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்த ஜோடிப் பல். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி என்றால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்க வாய்ப்பு அதிகம். கியர் பாக்ஸை இறக்காமலே கியர் பாக்ஸுக்குள் பார்க்கும் வழி இது.

அடுத்தது சுமை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் கிரௌனைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. அப்போது பல்லின் மறுபக்க முகம் தொடுகிறது. அதனால் கிரௌன்–பினியன் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது ஒரு குரல், விடும்போது வேறு குரல், நடுவில் ஒரு நொடி மௌனம். “காலை எடுங்கண்ணே... இப்ப மிதிங்க... இப்ப கிளட்ச் மட்டும் மிதிச்சு உருள விடுங்க.” ஊளை எதற்கும் மசியவில்லை. (இந்தச் சோதனையை இன்ஜின் ஓடும்போதே செய்ய வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு உருள விட்டால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணை வலு போய்விடும்.) இடமும் வலமுமாக லேசாக வளைத்து ஓட்டச் சொன்னார். வலப்பக்கம் திரும்பினால் எடை இடச் சக்கரத்தின் மேல் சாயும். அங்கே வீல் பேரிங் போயிருந்தால் உறுமல் கூடும். கூடவில்லை.

புள்ளலூர் சத்தங்களை அறிந்த ஊர்தான். பல்லவன் மகேந்திரவர்மன் தன் பகைவர்களை வென்ற களம் என்று காசக்குடிச் செப்பேடு சொல்லும் ஊர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படையை இந்தப் பக்கத்தில்தான் நொறுக்கினார்கள். ஆங்கிலேயர் அதைப் பொள்ளிலூர்ப் போர் என்று எழுதி வைத்தார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயத் தளபதி மன்றோவின் பெரும்படைக்குப் பீரங்கி முழக்கம் கேட்டது. கேட்டும் உதவி நேரத்துக்கு வந்து சேரவில்லை. சத்தம் கேட்பது ஒன்று, அது எங்கிருந்து, எதற்கு என்று விளங்கிக்கொள்வது வேறொன்று.

திரும்பி வந்ததும் செல்போனில் பதிவு செய்ததை, ஒலியை அலைவெண்களாகப் பிரித்துக் காட்டும் ஒரு செயலியில் போட்டேன். பொருந்தியது 340 அல்ல. 460ஐ ஒட்டி ஒரு கொம்பு நின்றது. புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டில் உள்ள கிராஸ் தேய்ந்திருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு, அதாவது நொடிக்கு 76 அளவில் கனத்த ரீங்காரமாக வந்திருக்கும். அதுவும் இல்லை. 460ஐ 7.6ஆல் வகுத்தால் 60 வருகிறது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு அறுபது தட்டல். வண்டிக்கு அடியில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவதில், அறுபது எண்ணிக்கையில் எது இருக்கிறது?

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது மெக்கானிக் பின் டயர் பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளங்கையை டயரின் மேல் ஒரு திசையில் தடவினார், வழுக்கிக்கொண்டு போயிற்று. எதிர்த்திசையில் தடவினார், ரம்பத்தைத் தடவியது போல் பிடித்தது. “இதாண்ணே ஊளை.” சாக்பீஸால் குறிவைத்து டயரின் கட்டங்களை எண்ணினேன். அறுபதுதான். அவருக்கு எண்ணத் தேவைப்படவில்லை.

முன் சக்கரங்களின் அலைன்மென்ட் கொஞ்சம் விலகியிருந்தால் ஒவ்வொரு ரப்பர் கட்டமும் சரிவாகத் தேயும். ஒரு விளிம்பு தாழ்ந்து மறு விளிம்பு உயர்ந்து நிற்கும். டயர் பழைய இடத்திலேயே இருக்கும்வரை இது பெரிதாகக் கேட்காது. சர்வீஸில் முன் டயர்களைக் குறுக்காக எதிர்ப்பக்கம் பின்னால் போட்டிருக்கிறார்கள். அதோடு டயர் சுற்றும் திசை தலைகீழாகிவிட்டது. உயர்ந்த விளிம்பு இப்போது சாலையை முதலில் அறைகிறது, நொடிக்கு 460 தடவை. டயர் கம்பெனிகள் இந்தக் கட்டங்களை ஒரே அளவில் வெட்டாமல் சிறிதும் பெரிதுமாகக் கலந்து வெட்டுவது, எல்லாத் தட்டலும் சேர்ந்து ஒரே ஸ்வரமாகத் திரண்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான். சரிவுத் தேய்மானம் அந்த முயற்சியை முறியடித்துவிடுகிறது. பழைய தார்ச் சாலையிலிருந்து புதிதாகப் போட்ட சாலைக்கு வந்தபோது ஊளையின் தன்மை மாறியதை நாங்கள் இருவரும் கேட்டோம். அப்போதே புரிந்திருக்க வேண்டும். கியர் பாக்ஸுக்குச் சாலை பழையதா புதியதா என்று தெரியாது.

இருந்தாலும் கியர் ஆயிலைப் பார்க்காமல் விடவில்லை. பார்க்கத்தான் வேண்டும். பார வண்டி ஓடிய காலத்தில் வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போடுவார்கள். அது குறைந்தால் அச்சு அழுவது அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். கியர் ஆயிலுக்கும் அடிப்படை வேலை அதுதான், இரண்டு உலோகத்துக்கு நடுவே ஒரு படலமாக நிற்பது. ஆனால் இன்னொரு வேலையும் உண்டு. கிரௌன்–பினியன் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதற்காகக் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களைக் கலக்கிறார்கள். சூட்டில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். ஜிஎல்-5 என்று அச்சிட்ட டின்னில் இந்தச் சரக்கு அதிகம், ஜிஎல்-4இல் குறைவு. பின் அச்சுக்கு ஜிஎல்-5 நல்லது. கியர் பாக்ஸில் அதையே ஊற்றினால் சிக்கல் வரலாம். அங்கே கியர் விழுவதற்கு முன் பல்சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சமப்படுத்துவது சிங்க்ரோ வளையம், பெரும்பாலும் பித்தளை. அது கூம்பின் மேல் கவ்விப் பிடித்தால்தான் வேலை நடக்கும். வழுக்க வைப்பதில் கெட்டிக்கார எண்ணெய் அங்கே வேண்டாத விருந்தாளி. பித்தளையை அரிக்கவும் கூடும். மாற்றிய மறுநாளே கியர் விழும்போது ‘கர்ர்’ என்றால் எண்ணெய் ரகத்தைக் கேளுங்கள்.

டின்னில் இருக்கும் எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கியர் ஆயிலின் 90 என்பது இன்ஜின் ஆயில் 40, 50க்குச் சமமான கெட்டிதான்; இரண்டும் தனித்தனி அளவுகோல். அளவும் முக்கியம். பக்கவாட்டில் உள்ள பிளக்கைத் திறந்தால் எண்ணெய் துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டும், வண்டி சமதரையில் நிற்கும்போது. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிவைத்து ஊற்றினால் கணக்கு பிசகிவிடும். குறைந்தால் மேலே இருக்கும் பேரிங்குகள் காயும். கூடினால் பற்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரை படலமாக நிற்காது. மெக்கானிக் பிளக்கைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விளிம்பு வரை இருந்தது. விரலில் உலோக மினுக்கு இல்லை. சர்வீஸ் சென்டர் சந்தேகப்பட்ட ஒரே வேலையை அவர்கள் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள்.

இனி ஊஞ்சல்.

இதையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் வேறொரு வம்பு: சொன்ன ரகமல்லாத திரவத்தை ஊற்றியிருந்தால் உள்ளே இருக்கும் பூட்டுக் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும், கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவது போன்ற விளைவு அது. மாமா வண்டியில் முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. நிறுத்தி வைத்து நியூட்ரலில் 1,500இல் பிடித்தபோதும் முள் ஆடியது. வலுவைக் கடத்தும் பாகங்கள் எதற்கும் இதில் பங்கில்லை. ஆடுவது இன்ஜின்.

ஏன் ஒரே சீராகக் குறையாமல், ஏறி ஏறி இறங்க வேண்டும்? புள்ளலூர் போன்ற ஏரிப் பாசன ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். கடைமடை வயலில் தண்ணீர் போதவில்லை என்று மதகுக்கு ஆள் அனுப்புகிறீர்கள். மதகைத் திறந்த தண்ணீர் வந்து சேர அரை மணி ஆகும். அதற்குள் பொறுமையிழந்து இன்னொரு ஆளை அனுப்புகிறீர்கள், இன்னும் திறக்கிறார்கள். பிறகு எல்லாம் சேர்ந்து வந்து வரப்பு மூழ்குகிறது. மூடச் சொல்லி ஆள். மூடியது தெரிய அரை மணி. மறுபடி வறட்சி. யாரும் தப்புச் செய்யவில்லை. செய்திக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள தாமதம் செய்கிறது. தாமதம் கூடக் கூட, திருத்தமே கோளாறாகிவிடும்.

1788இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தில் சுழலும் இரண்டு குண்டுகளை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து நீராவியைக் குறைக்கும். அந்தக் கவர்னர்கள் சில சமயம் இப்படியே ஆடின. ஏன் என்று 1868இல் கணிதத்தில் எழுதிக் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், மின்காந்தவியலின் அதே மேக்ஸ்வெல். குலைவு ஒன்று வந்தால் அது தானே அடங்கலாம், ஆடி ஆடி அடங்கலாம், பெருகலாம், ஆடி ஆடிப் பெருகலாம். எது நடக்கும் என்பதை அமைப்பின் எண்களே தீர்மானிக்கின்றன என்றார். மெக்கானிக்குகள் இதை ‘ஹண்டிங்’ என்கிறார்கள். கிணற்றில் டீசல் இன்ஜின் வைத்து இறைத்த வீடுகளில் எல்லாருக்கும் இந்த ராகம் தெரியும்: டுக்டுக்டுக் என்று ஏறி, டுக்... டுக்... என்று சோர்ந்து, மறுபடி ஏறும்.

இன்றைய டீசல் வண்டியில் குண்டுகள் இல்லை, கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆயிரம் பாரைத் தாண்டக்கூடிய அழுத்தத்தில் டீசலை வைத்திருந்து, அழுத்தத்தை அளந்து, வால்வைத் திருத்திக்கொண்டே இருக்கும். டீசல் அநேகமாக அமுங்காது என்ற நம்பிக்கையில் போடப்பட்ட கணக்கு அது. நடுவில் காற்றுக் குமிழி புகுந்தால் கணக்கு கெடும். குமிழி அமுங்குகிறது, அழுத்தம் சரிகிறது, கம்ப்யூட்டர் கூட்டுகிறது. குமிழி கடந்து போனதும் கூட்டியது மிகையாகிவிடுகிறது.

(பெட்ரோல் வண்டியில் காற்றே வேறு வழியில் இதைச் செய்யும். காற்று அளவுமானிக்குப் பின்னால் உள்ள குழாயின் கிளிப் சரியாக விழாமல், அளக்கப்படாத காற்று புகுந்தால் ஆடும். த்ராட்டிலைச் சுத்தம் செய்தாலும் ஆடலாம்: கரி படிந்த இடுக்குக்குப் பழகியிருந்த கம்ப்யூட்டர், கரி போனதும் புது அளவைக் கற்றுக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்ததால் வந்த வியாதி.)

டிராக்டர் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் டீசல் ஃபில்டர் மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஆனால் மாமா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது இது: “ஒழுகவே இல்லையேடா, எங்க டீசலையும் காணோமே?” இதில்தான் நுட்பம். மாமா வண்டியைப் போலப் பலவற்றில் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாகப் பம்ப் டீசலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். இளநீரில் விரிசல் விட்ட ஸ்ட்ராவைப் போட்டால் எதுவும் சிந்தாது, உறிஞ்சினால் காற்றுத்தான் வரும். ஒழுகலைத் தேடுகிறவன் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மெக்கானிக் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை மாட்டி இன்ஜினை ஓட்டினார். டீசலோடு பொடிப் பொடியாகக் குமிழிகள் ஓடின. ஃபில்டரைக் கழற்றியதும் ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது தெரிந்தது. புது வளையத்தில் டீசலைத் தடவிப் போட்டு, கைப்பம்பை அது கெட்டியாகும்வரை அமுக்கி ஏர் எடுத்தார். முள் அசையாமல் நின்றது. அலைன்மென்ட்டைச் சரிசெய்து, டயர்களைப் பழைய பக்கத்துக்கே மாற்றிப் போட்டதோடு ஊளையும் போயிற்று.

மாமா மட்டும் இரண்டு நாள் கழித்து மறுபடி போன் செய்தார். வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ‘ய்ங்ங்’ என்று ஒரு சத்தம் வருகிறதாம். ரிவர்ஸ் கியரில் பெரும்பாலும் நேர்வெட்டுப் பற்கள்தான். மற்ற கியர்களில் பல் சாய்வாக இருப்பதால் ஒரு பல் விடுவதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்ளும், இதில் முழுப் பல்லும் ஒரே நேரத்தில் தொட்டுப் பிரியும், அதனால் பாடும் என்று விளக்கினேன்.

“அப்ப வாங்குன நாள்லருந்து பாடுதா?”

“ஆமாம் மாமா.”

“எனக்கு இப்பத்தான்டா கேக்குது” என்றார்.